பழைய ஹார்ட் டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. புதிதாகக் கணினி பொருத்தியவர்களும் பொருத்த இருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள். கட்டிலுக்கடியில் தூசு படிந்த பழைய பெட்டி ஒன்று கிடக்கின்ற வீட்டாரும் வாசியுங்கள். உண்மையில் அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

விண்டோஸ் 10 இற்கு வழமையாகக் கொடுத்து வந்த ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடுவதென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். ஊரில் ஓடிக்கொண்டிருந்த பழைய மெஷின்கள் பலவற்றில் அது கிடையாது. அதனால் வீடுகளில் புது மெஷின் பேச்சாக இருக்கிறது. ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் யூடியூப் பார்த்து, பாகம் பாகமாக வாங்கித் தாங்களே பொருத்துகிறார்கள். மாஷா அல்லாஹ், நல்ல விசயம். ஐ.சீ.டி. படிப்பிக்கிற ஆள் என்ற முறையில் என்னிடம் வருகின்ற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ரீச்சர், பழைய ஹார்ட் டிஸ்க்க இதுக்குள்ள போட ஏலுமா?"

ஏலும். ஆனால் விருந்தாளியாகப் போடுங்கள், குடியிருக்க வைக்காதீர்கள். உள்ளே இருப்பதை முழுவதும் புது டிஸ்குக்குக் கொப்பி பண்ணி, திறந்து பார்த்து, பிறகு கழற்றி எடுங்கள். புதுக் கணினி செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான் என்பது என் கருத்து. கேம் அதற்குப் பிறகு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் கரையோரத்தில் பழைய ஹார்ட் டிஸ்க் என்பது வெறும் இரும்புச் சாமான் இல்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது சாய்ந்தமருதுவிலும் மருதமுனையிலும் காரைதீவிலும் எத்தனை வீடுகளின் அல்பங்கள் போயின! கலியாணப் படம், கத்னாப் படம், மூத்தவாப்பா ஹஜ்ஜுக்குப் போகும்போது எடுத்த படம் எல்லாம் கடதாசியில் இருந்தவை. அதற்கு முந்திய காலத்துப் படம் ஒன்றிரண்டு மிஞ்சியதென்றால், அது வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்த சொந்தக்காரர் கையில் ஒரு பிரதி இருந்ததால்தான். அவர்கள் ஸ்கேன் பண்ணி சீடியில் அனுப்பியது அந்தக் காலத்து 40 ஜி.பி., 80 ஜி.பி. டிஸ்குகளில் ஏறியது. பிறகு டிஜிட்டல் கமரா வந்தது. புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபோனது, அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள், அந்த வருசங்களில் எங்களோடு இருந்து இப்போது இல்லாதவர்கள் எல்லாம் அதே டிஸ்குகளில்தான் இருக்கிறார்கள். கழுவிப் பிரின்ட் போட்டவர்கள் குறைவு. ஒரு தடவை எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்த ஊர், மிஞ்சியதை ஒரு ஸ்குரூ ட்ரைவர் வேலையில் இழக்கக் கூடாது.

கொரோனாக் காலத்தில் ஜனாஸாவின் முகத்தைக் கூடப் பார்க்கக் கிடைக்காத குடும்பங்கள் எங்கள் சமூகத்தில் இருக்கின்றன. ஒரு பழைய வீடியோ அவர்களுக்கு என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறா. மாமா மௌத்தாகிப் பல வருசம். மகன் கட்டாரிலிருந்து லீவில் வந்து, உம்மாவுக்கும் தங்கச்சிமாருக்கும் என்று புது மெஷின் ஒன்று செய்வித்துக் கொடுத்தார். கடையில் பழைய டிஸ்கைக் கழற்றி, போமட் பண்ணி, புதுப் பெட்டிக்குள்ளேயே இரண்டாவது டிஸ்காகப் போட்டுக் கொடுத்தார்கள். "500 ஜி.பி. எக்ஸ்ட்ரா இடம், காசு இல்ல" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ரெண்டு கிழமை கழித்து மாமி என்னிடம் வந்து கேட்டா: "மகள், மூத்தவட கலியாணத்துல உங்கட மாமா துஆ ஓதினாரே, அந்த சத்தம் அதுலதானே இருந்த?"

மீட்பு மென்பொருள் ஓட்டிப் பார்த்தோம். கொஞ்சம் படங்கள் வந்தன, பாதி பாதியாக. அந்த வீடியோ வரவில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது.

கடைப் பிள்ளைகளை நான் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்கு வந்த வேலை விண்டோஸ் போடுவது, போட்டார்கள். உள்ளே மாமாவின் சத்தம் இருக்கிறதென்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அதைவிட நல்லது, அந்த வேலையை வீட்டிலேயே செய்துகொள்வது.

வீட்டில் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைப் பெண்கள் எங்களுக்குள் கதைப்போம், பொதுவில் எழுத மாட்டோம். அந்த டிஸ்குகளில் இருப்பது வீட்டுக்குள் எடுத்த படங்கள். தலையில் துணி இல்லாமல், பிள்ளை பெற்ற கையோடு, தங்கச்சியின் மருதோன்றி இரவில் எடுத்தவை. ஒருவருடைய கமராவுக்கு முன்னால் நிற்கும்போது அது எங்கே போய்ச் சேரும் என்று எவரும் நினைப்பதில்லை. பழைய டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு, கழிவாகக் கொஞ்சம் காசு குறைத்துக்கொண்டு வருகிறோம். அது போமட் ஆகி இன்னொருவருக்கு விற்கப்படுகிறது. சாதாரணமாகச் செய்கிற விரைவுப் போமட் உள்ளே இருப்பதை அழிப்பதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டு, பக்கங்களை அப்படியே விட்டு வைப்பது மாதிரி. இலவச மென்பொருள் ஒன்று தெரிந்த எவருக்கும் அந்தப் பக்கங்கள் கிடைக்கும். இது அமானிதம் சம்பந்தப்பட்ட விசயம் என்றுதான் நான் பார்க்கிறேன். உங்கள் வீட்டு டிஸ்கில் உங்கள் வீட்டாரின் படம் மட்டும் இல்லை. கலியாணத்துக்கு வந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

சரி, எப்படிச் செய்வது?

முதலில் உங்கள் டிஸ்க் என்ன இனம் என்று பாருங்கள். பின்பக்கம் அகலமான, இரண்டு வரிசைக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐ.டி.ஈ. அதற்கான சொக்கட் புது மதர்போர்ட்களில் இல்லை. அதற்காக டிஸ்கை எறியத் தேவையில்லை, ஐ.டி.ஈ. டிஸ்கை யூ.எஸ்.பி.யில் இணைக்கிற அடாப்டர் இருக்கிறது. டெஸ்க்டொப்பில் இருந்து கழற்றிய பெரிய டிஸ்க் என்றால் அடாப்டரோடு தனி மின் இணைப்பும் வர வேண்டும், யூ.எஸ்.பி. தருகிற மின் அதற்குக் காணாது. பின்பக்கம் சின்ன எல் வடிவத்தில் இரண்டு தட்டையான இணைப்புகள் இருந்தால் அது சாட்டா. அதைப் புது மதர்போர்டில் நேரடியாகவே கொழுவலாம். சில போர்ட்களில் எம்.2 எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டால் சாட்டா துளை ஒன்று வேலை செய்யாமல் போகும். டிஸ்க் தெரியவில்லை என்று பதறாமல் அடுத்த துளையில் கொழுவிப் பாருங்கள்.

பவர் சப்ளை வயர் விசயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். கழற்றிப் பூட்டக்கூடிய வயர்களோடு வருகிற பவர் சப்ளை என்றால், அதன் பெட்டிக்குள் வந்த வயரை மட்டும் பாவியுங்கள். பழைய பவர் சப்ளையின் வயர் அச்சொட்டாக அதே மாதிரி இருக்கும், துளையிலும் இறங்கும். ஆனால் உள்ளே கம்பிகளின் ஒழுங்கு வேறாக இருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போனால் ஒரு நொடியில் டிஸ்க் முடிந்துவிடும். இருபது வருசம் தாங்கியது, ஒரு வயரால் போகும்.

அடுத்தது, புது மெஷினுக்கு விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்கைக் கொழுவி வைக்காதீர்கள். இரண்டு காரணம். ஒன்று, அவசரத்தில் பிழையான டிஸ்கைத் தெரிவுசெய்து அழித்துவிடலாம். மற்றது, பலருக்குத் தெரியாதது: பழைய டிஸ்கும் கொழுவியிருந்தால் விண்டோஸ் தன்னைத் தொடக்கி வைக்கிற கோப்புகளைச் சில வேளை அதிலேயே கொண்டுபோய் எழுதிவிடும். பிறகு பழைய டிஸ்கைக் கழற்றினால் புது மெஷின் எழும்பாது. முதலில் புது டிஸ்கில் விண்டோஸ். அது ஒழுங்காக ஓடிய பிறகு, மின்னை நிறுத்திவிட்டுப் பழையதைக் கொழுவுங்கள். ஒன் பண்ணியதும் அது பழைய விண்டோசைத் தேடிப் போனால் பயொஸில் புது டிஸ்கை முதலாவதாக வையுங்கள். பழைய எக்ஸ்பியோ விண்டோஸ் 7 ஓ புது போர்டில் எழும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்களுக்குத் தேவை அந்த விண்டோஸ் இல்லை, அதற்குள் இருக்கிற போல்டர்கள்.

கொழுவியதும், "இந்த டிஸ்கைப் பாவிப்பதற்கு முன் போமட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று ஒரு பெட்டி வரக்கூடும். "டிஸ்கைத் தயார்படுத்தவா?" என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் இல்லை என்றே சொல்லுங்கள். கை தானாக ஓகே அழுத்தும், அதுதான் பயம். அந்தச் செய்தி வந்தால் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். டிஸ்க் டிக், டிக் என்று அடித்தாலும் அப்படித்தான். திரும்பத் திரும்ப ஒன் பண்ணிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே தட்டு கீறுப்படலாம். குளிரூட்டிக்குள் வைத்தால் சரிவரும் என்கிற வைத்தியத்தை நம்ப வேண்டாம்.

போல்டரைத் திறக்கப் போனால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வரும். பழைய மெஷினில் இருந்த கணக்கின் பெயரில் பூட்டியிருப்பதால்தான் அது. "தொடர்க" என்பதை அழுத்தினால் பெரும்பாலும் திறக்கும். லெப்டொப்பில் இருந்து கழற்றிய புதிய டிஸ்க் என்றால் பிட்லொக்கர் பூட்டு இருக்கலாம். அது 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் நீங்கள் அந்த லெப்டொப்பில் பாவித்த மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். லெப்டொப் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கணக்கும் கடவுச்சொல்லும் என்னவென்று எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எங்கே தேடுவது? எக்ஸ்பி டிஸ்கில் "டொக்கியூமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்" என்ற போல்டருக்குள். அதற்குப் பிந்தியவற்றில் "யூசர்ஸ்" என்பதற்குள். டெஸ்க்டொப்பில் போட்டு வைத்ததெல்லாம் அங்கேதான் இருக்கும். பிறகு டி ட்ரைவ். எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: "டி ட்ரைவில் போட்டிருக்கு, பயமில்லை" என்பது. சீயும் டீயும் ஒரே டிஸ்கின் இரண்டு அறைகள். வீடு விழுந்தால் இரண்டு அறையும்தான் விழும்.

ஆசிரியர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் ஒரு விசேட குறிப்பு. எங்கள் பழைய வினாத்தாள்கள், கவிதைகள், கழகப் பிரசுரங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. கோப்பை மட்டும் கொப்பி பண்ணிப் புது மெஷினில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழுதில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய டிஸ்கில் விண்டோஸ் போல்டருக்குள் "பொன்ட்ஸ்" என்று ஒன்று இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கள். நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். பாடசாலை மலர், பள்ளிவாசல் ஆண்டு மலர் போன்றவை பேஜ்மேக்கரில் செய்யப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் இக்கட்டு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001 இல். அந்தக் கோப்புகளைத் திறக்கக்கூடிய மெஷின் ஊரில் எந்த அச்சகத்திலாவது இன்னும் ஓடினால், அது நிற்பதற்கு முன் போய் பி.டி.எப். ஆக மாற்றி எடுங்கள்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, "டிஸ்க் நல்லாத்தானே ஓடுது, அப்படியே உள்ள வச்சா என்ன?" என்று கேட்பார்கள். பிள்ளைகளும் கேட்கிறார்கள், செலவு பார்க்கிற வாப்பாமாரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு உடன்பாடில்லை. அந்த டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 தரம் சுற்றுவது, எத்தனை வருசம் சுற்றியதோ. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன நாட்களை மறந்துவிட்டோமா? ஒவ்வொரு வெட்டிலும் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அப்படியே நின்றது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பழுதடைந்த பகுதிகளின் கணக்கைக் காட்டும், மஞ்சளோ சிவப்போ வந்தால் கதை முடிந்தது. நீலம் வந்தாலும் அது இன்றைய நிலைமை மட்டும்தான். கேம் வைக்க, படம் டவுன்லோட் பண்ண வேண்டுமென்றால் பழைய டிஸ்கைத் தாராளமாக உள்ளே வையுங்கள். போனால் போகட்டும். மூத்தம்மாவின் படத்தை அதில் மட்டும் வைக்காதீர்கள்.

புது எஸ்.எஸ்.டி.க்கு மாற்றியாகிவிட்டது, இனிப் பயமில்லை என்பதும் சரியில்லை. மாற்றியது இடம்தான், பிரதி இன்னும் ஒன்றுதான். எஸ்.எஸ்.டி. சத்தமில்லாமல் ஒரே நாளில் போகும். அதில் அழிந்ததை மீட்பது ஹார்ட் டிஸ்கை விடக் கஷ்டம். ஒன்று மெஷினில், ஒன்று வெளியே கழற்றி வைக்கிற டிஸ்கில், இன்னொன்று வேறு வீட்டில். அக்கரைப்பற்றில் இருக்கிற தங்கச்சி வீட்டு அலுமாரியாக இருக்கலாம், கொழும்பில் இருக்கிற காக்காவிடம் இருக்கலாம். கூகிள் ட்ரைவில் போட விருப்பமென்றால் போடுங்கள், வீட்டுப் படங்களை அங்கே ஏற்றுவதா இல்லையா என்பது அவரவர் முடிவு. ஆனால் எல்லாப் பிரதியும் கடற்கரையோரத்தில் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. இதை நாங்கள் இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

கொப்பி பண்ணியதைத் திறந்து பார்க்காமல் பழையதை அழிக்கவும் வேண்டாம். இரண்டு பக்கமும் போல்டரின் மொத்த அளவும் கோப்புகளின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். அங்கொன்று இங்கொன்றாகப் படங்களைத் திறவுங்கள், வீடியோவை நடுவில் ஓட்டிப் பாருங்கள். என் யோசனை, ஒரு வருசமாவது பழைய டிஸ்கை ஈரம் படாமல் துணியில் சுற்றி, மேலே பெயரும் திகதியும் எழுதி வைத்துவிடுவது. விற்கவோ கொடுக்கவோ போவதென்றால் விரைவுப் போமட்டை விட்டுவிட்டு முழுப் போமட் கொடுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழுப் போமட் டிஸ்க் முழுவதையும் பூச்சியத்தால் நிரப்புகிறது. மணித்தியாலக் கணக்கில் போகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஓடாத டிஸ்க் என்றால் ட்ரில் மெஷினால் தட்டு வரைக்கும் இரண்டு துளை.

வீடுகளைப் பற்றியே எழுதிவிட்டேன். பாடசாலை அலுவலகங்களிலும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளிலும், ஜனாஸா நலன்புரிச் சங்கங்களிலும் இதைவிட மோசம். சந்தா விபரம், கூட்ட அறிக்கை, ஸகாத் பெறுகிற குடும்பங்களின் பட்டியல், பிள்ளைகளின் புள்ளிகள், பெற்றோரின் அடையாள அட்டை இலக்கங்கள் எல்லாம் மூலையில் இருக்கிற ஒரே ஒரு மெஷினில். யாராவது தனவந்தர் புது மெஷின் அன்பளிப்புச் செய்வார், படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுவோம். பழையது எங்கே போனது என்று அடுத்த கூட்டத்தில் கேட்க ஆள் இருக்காது. ஸகாத் எடுக்கிற வீடு எது என்பது ஊருக்குத் தெரியாமல் இருக்கத்தானே இவ்வளவு பக்குவமாகக் கொடுக்கிறோம்? அந்தப் பட்டியல் இருக்கிற டிஸ்க் யாருடைய கடையில் கிடக்கிறது? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது எங்கள் பொறுப்பு. இனிமேல் கணினி அன்பளிப்புச் செய்கிறவர்கள், அதோடு ஒரு வெளி ஹார்ட் டிஸ்கையும் சேர்த்துக் கொடுங்கள். பழையதைக் கழற்றி எடுத்தவர் யார், அது இப்போது எங்கே என்பதைச் செயலாளர் கூட்ட அறிக்கையில் ஒரு வரி எழுதட்டும்.

என்னிடம் ஐ.டி.ஈ.க்கும் சாட்டாவுக்கும் சேர்த்து வேலை செய்கிற அடாப்டர் ஒன்று இருக்கிறது. தரம் 11 பிள்ளைகள் நாலு பேர் கழற்றிப் பூட்ட நன்றாகப் பழகியிருக்கிறார்கள், நாலு பேரும் பெண் பிள்ளைகள். சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நாங்கள் வீட்டில் இருப்போம். சகோதரிகள் பழைய டிஸ்கையும், அதைவிடப் பெரிய வெறும் டிஸ்க் ஒன்றையும் கொண்டு வாருங்கள். 80 ஜி.பி. டிஸ்க் முழுவதையும் எடுக்க ஒரு மணித்தியாலம், கொஞ்சம் கூடக் குறையப் போகும். பக்கத்திலேயே இருந்து, உங்கள் கையாலேயே கொப்பி பண்ணிக்கொண்டு போகலாம். நாங்கள் எதையும் திறந்து பார்க்க மாட்டோம். பெட்டியோடு தூக்கிக்கொண்டு வர வேண்டாம், டிஸ்க் மட்டும் காணும். கழற்றத் தெரியாவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள், பிள்ளைகளில் ஒருத்தி வந்து கழற்றித் தருவாள்.